டீசல் காரும் குறுந்தூரப் பயணமும்

டீசல் கார் வாங்குவோர் பெரும்பாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னரே வாங்குகின்றனர். ஒரு லீற்றர் டீசலில் ஓடக்கூடிய தூரம் ஒரு லீற்றர் பெற்றோலில் ஓடக்கூடிய தூரத்தைவிட அதிகம். இலங்கை போன்ற நாடுகளிலே டீசலின் விலையும் நெடுங்காலமாகக் குறைவாகவே இருந்து வந்திருக்கிறது. ஆகவே, காரின் விலை சற்றுக் கூடினாலும் சில ஆண்டுகளில் அந்தப் பணம் எரிபொருட் செலவிலே மீண்டுவிடும் என்பது அவர்களது கணக்கு. கணக்கிலே பிழை இல்லை. ஆனால் அதில் ஓர் உறுப்பு விடுபட்டுப் போகிறது. கார் ஆண்டொன்றுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று பார்க்கிறார்களே தவிர, ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் ஓடும் என்று எவரும் பார்ப்பதில்லை.

நகரத்திலே வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். காலையிற் பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவர இரண்டு கிலோமீற்றர் போய் இரண்டு கிலோமீற்றர் திரும்ப வேண்டும். பத்து மணிக்குச் சந்தை. பிற்பகலிலே பாடசாலை வாசல் மறுபடியும், பின்னர் ரியூசன் வகுப்பு, வெள்ளிக்கிழமையாயின் கோயில். அனைத்தையும் கூட்டினாலும் நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீற்றரைத் தாண்டாது. ஆனால் இயந்திரமோ ஏழெட்டுத் தடவை உயிர்ப்பிக்கப்பட்டு, ஏழெட்டுத் தடவை சூடேறு முன்னரே அணைக்கப்படுகிறது. இவ்வாறு ஓடும் காரை வீட்டார் “கஷ்டப்படாத கார்” என்பர். பாரம் ஏற்றுவதில்லை, மலை ஏறுவதில்லை, வேகமாக ஓட்டுவதுமில்லை அல்லவா? உண்மையில் டீசல் இயந்திரத்துக்கு இதைவிடக் கடுமையான வாழ்க்கை வேறில்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் ஓடி வந்த இயந்திரம், அன்று முழுவதும் ஊருக்குள்ளே சந்தைக்கும் பாடசாலைக்கும் அலைந்த இயந்திரத்தைவிட நலமாக இருக்கும்.

இஃது ஏன் என்று அறிய, டீசல் இயந்திரம் இயங்கும் முறையைச் சிறிது நோக்க வேண்டும். பெற்றோல் இயந்திரத்திலே எரிபொருளும் வளியும் கலந்த கலவையை ஒரு மின்பொறி பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்திலே பொறி கிடையாது. வளி மாத்திரம் உருளைக்குள் இழுக்கப்பட்டு, அதன் பருமனிற் பதினாறில் அல்லது இருபதில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. சைக்கிள் ரயருக்குக் காற்றடிக்கும்பொழுது பம்பின் அடிப்பாகம் கையைச் சுடுவதை யாவரும் உணர்ந்திருப்பர். அதே நியாயம்தான் இங்கும். அமுக்கப்பட்ட வளி 600 பாகை செல்சியசுக்கு மேலாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டிலே டீசல் நுண்துளிகளாகத் தெளிக்கப்பட, அது தானே பற்றி எரிகிறது.

எனவே டீசல் இயந்திரத்துக்குச் சூடுதான் திரி. உருளையின் இரும்புச் சுவர் குளிர்ந்திருக்குமாயின், அமுக்கத்தாற் பிறந்த சூட்டிற் பெரும்பங்கை அச்சுவர் பறித்துக்கொள்ளும். இதன் பொருட்டே இயந்திரத்தை உயிர்ப்பிக்கு முன்னர் குளோ பிளக் எனப்படும் சிறு மின்னடுப்புகள் உள்ளே சில விநாடிகள் செந்நிறமாகக் காய்கின்றன. அவை இயந்திரம் கிளம்புவதற்கு உதவுமேயன்றி, முழு இரும்பையும் காய்ச்சிவிடமாட்டா. கிளம்பிய முதற் சில நிமிடங்களில், குளிர்ந்த சுவரிற் பட்ட எரிபொருட் துளிகளில் ஒரு பகுதி எரியாமலும் ஒரு பகுதி அரைகுறையாக எரிந்து கரியாகியும் போகிறது.

பெற்றோல் இயந்திரமும் குளிரிலே அவ்வாறுதானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் அது விரைவிற் சூடேறிவிடும். டீசல் இயந்திரம் எரிபொருளின் வெப்பத்தை வேலையாக மாற்றுவதிற் கெட்டிக்காரத்தனம் மிக்கது. வீணாகும் வெப்பம் குறைவாகையால், தன்னைத்தானே காய்ச்சிக்கொள்ளவும் அதற்குக் குறைவாகவே மிஞ்சுகிறது. குளிர் நாடுகளில் விற்கப்படும் டீசல் கார்கள் பலவற்றிலே, உள்ளே இருப்போருக்குக் குளிர் போக்குவதற்கு இயந்திரத்தின் வெப்பம் போதாமல், தனியாக மின்சார வெப்பமூட்டி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். எந்தக் குணத்துக்காக டீசலை விரும்பி வாங்கினார்களோ, அந்தக் குணமே குறுந்தூரப் பயணத்திற் குற்றமாகிவிடுகிறது.

இந்த இயந்திரத்தின் வரலாறும் இதற்குச் சான்று கூறும். 1858இல் பாரிஸ் நகரிலே பிறந்த ருடொல்ஃப் டீசல் என்னும் பொறியியலாளர், 1893 தொடக்கம் 1897 வரை ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றிலே பரிசோதனை நடத்தித் தமது இயந்திரத்தை வெற்றிபெறச் செய்தார். எரிபொருளின் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்றிய அந்த இயந்திரம் ஆள் உயரத்தை விஞ்சிய ஒரு பெரிய இரும்புத் தூண். ஓரிடத்தில் நின்று நாள் முழுவதும் தொழிற்சாலைக்கு வலுக்கொடுப்பதே அதற்கு விதிக்கப்பட்ட பணி. பின்னர் அது கப்பலுக்குப் போயிற்று. புகைவண்டிக்கும் லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் போயிற்று. இவையாவும் ஒருமுறை கிளம்பினால் மணிக்கணக்காக ஓடுபவை. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 260 டி என்னும் டீசல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தபொழுது, அதை விரும்பி வாங்கியவர்களுள் முதன்மையானவர்கள் வாடகைக் கார்க்காரரே.

வாடகைக் கார் என்றதும் ஓர் ஐயம் எழும். வாடகைக் காரும் குறுந்தூரந்தானே ஓடுகிறது? இலண்டன் நகரிலே 1958இல் வந்த ஓஸ்ரின் எஃப்எக்ஸ்4 என்னும் கறுப்பு வாடகைக் கார் டீசலிலேதான் ஓடிற்று. ஒரு சவாரி இரண்டு மைல், அடுத்த சவாரி மூன்று மைல் என்றே அதன் நாள் கழிந்தது. ஆயினும் அந்த இயந்திரங்கள் நெடுங்காலம் உழைத்தன. காரணம் எளிது. சவாரிக்குச் சவாரி ஆள் மாறினாரேயன்றி இயந்திரம் ஆறவில்லை. காலையில் ஒரு தடவை சூடேறினால் இரவுவரை அந்தச் சூடு போவதில்லை. ஆகவே கெடுதி செய்வது தூரத்தின் குறுக்கம் மட்டுமன்று. பயணத்துக்கும் பயணத்துக்கும் இடையிலே இயந்திரம் முற்றாகக் குளிர்ந்துவிடுவதே மூல காரணம். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தினால் மற்றவை எல்லாம் தாமே விளங்கும்.

இனி, சூடேறாத இயந்திரத்தினுள்ளே நடப்பது யாது? முதலாவது தண்ணீர். ஒரு லீற்றர் டீசல் எரியும்பொழுது ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். டீசலிலுள்ள ஐதரசனும் வளியிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து உண்டாகும் தண்ணீர் அது. சூடான இயந்திரத்தில் அந்த ஆவி புகையோடு வெளியேறிவிடும். குளிர்ந்த இயந்திரத்திலோ ஒரு பகுதி பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி, எண்ணெயிலே படிந்துவிடும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்திலே பாலாடை போன்ற வெளிர்மஞ்சட் பசை படிந்திருப்பதைச் சிலர் கண்டிருப்பர்; தண்ணீரும் எண்ணெயும் கலந்த கலவை அது. புகைக்குழாயிலும் சைலன்சரிலும் தங்கும் தண்ணீர் அவற்றை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். டீசலிலே கந்தகம் மிகுந்திருந்தால் அத்தண்ணீர் அமிலமாகவும் மாறும்.

இரண்டாவது, எண்ணெயிற் கலக்கும் எரிபொருள். இதிலே பெற்றோலுக்கும் டீசலுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. எண்ணெயிற் கலந்த பெற்றோல், அடுத்த நீண்ட பயணத்தில் எண்ணெய் சூடானவுடன் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். டீசலோ ஏறத்தாழ 180 தொடக்கம் 360 பாகை வரையிலே கொதிப்பது. இயந்திர எண்ணெய் அந்தச் சூட்டை ஒருநாளும் அடைவதில்லை. ஆகவே புகுந்த டீசலிற் பெரும்பகுதி அங்கேயே தங்கி, எண்ணெயின் தடிப்பைக் குறைத்து, அதை நீர்த்துப்போகச் செய்கிறது. தாங்கிகளுக்கிடையே மெல்லிய படலமாக நின்று இரும்போடு இரும்பு உரசாமற் காக்கவேண்டிய எண்ணெய், அந்தக் கடமையைச் செய்யும் வலுவை இழக்கிறது.

வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று சாரதிமார் கருதுவது உண்டு. அந்த முள் காட்டுவது றேடியேற்றர் தண்ணீரின் சூட்டை. எண்ணெய் சூடேற அதைவிட நெடுநேரம் செல்லும். வேறு சிலர் காலையிலே காரை வாசலில் நிறுத்தியபடியே பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றுவர். டீசல் இயந்திரம் நின்றபடி ஓடும்பொழுது எரிக்கும் எரிபொருள் மிகச் சொற்பமாதலால் அதிற் பிறக்கும் சூடும் சொற்பமே. கரியும் தண்ணீரும் சேர்வதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. கிளப்பியவுடன் மெதுவாக ஓட்டிச் செல்வதே முறை.

பற்றரியைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். உயர்ந்த அமுக்கத்துக்கு எதிராக இயந்திரத்தைச் சுழற்றுவதற்கும், குளோ பிளக்குகளைக் காய்ச்சுவதற்கும் டீசல் கார் எடுக்கும் மின்சாரம் மிக அதிகம். ஐந்து நிமிடப் பயணத்திலே அது திரும்பச் சேர்வதில்லை. விளக்கும் குளிரூட்டியும் வேறு எரிகின்றன. என்றும் அரைவயிற்றோடு கிடக்கும் பற்றரியின் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். பின்னர் அதை எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய நிலைக்கு வராது.

இவையெல்லாம் பழைய டீசல் கார்களுக்கும் பொருந்துவன. கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் வந்த கார்களிலே இவற்றினும் பெரிய தொல்லை ஒன்று புகுந்திருக்கிறது. அதுவே புகைக்குழாயிற் பொருத்தப்படும் கரித்துகள் வடிகட்டி.

வடிகட்டி தீய நோக்கத்தோடு வந்ததன்று. டீசற் புகையிலுள்ள நுண்ணிய கரித்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்லவல்லவை. 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், டீசற் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என ஐயத்துக்கிடமின்றி வகைப்படுத்தியது. 2000இல் பியூஜோ நிறுவனம் 607 என்னும் காரிலே தொழிற்சாலையிலேயே இந்த வடிகட்டியைப் பொருத்தி விற்றது. 2009இல் ஐரோப்பாவிலே யூரோ 5 என்னும் விதி நடைமுறைக்கு வந்தபின்னர், வடிகட்டி இல்லாமல் அங்கே புதிய டீசல் காரை விற்பது இயலாத காரியமாயிற்று. அது தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி. ஓர் அறை முன்பக்கம் திறந்திருக்கும், பின்பக்கம் அடைத்திருக்கும். அடுத்த அறை அதற்கு மாறு. புகை அறைச் சுவரின் நுண்துளைகளை ஊடுருவியே வெளியேற வேண்டும். கரி உள்ளே தங்கிவிடும்.

தங்கிய கரி நாளடைவில் வடிகட்டியை அடைக்குமே, அதற்கு என்ன வழி? அதை அங்கேயே எரித்துவிடுவதுதான் வழி. நெடுஞ்சாலையிலே நீண்ட நேரம் ஓடும்பொழுது புகையே போதிய சூடாக இருப்பதால், கரி சிறிது சிறிதாகத் தானே எரிந்து போகும். அவ்வாறு எரியாவிடின், வடிகட்டிக்கு முன்னும் பின்னுமுள்ள அமுக்கத்தை அளந்து வரும் காரின் கணினி, “கரி நிறைந்துவிட்டது” எனக் கண்டு ஒரு தந்திரம் செய்கிறது. வழமையான நேரத்துக்குப் பின்னரும் சிறிது டீசலை உருளைக்குள்ளே தெளிக்கிறது. அது அங்கே வேலை செய்யாமற் புகைக்குழாய்க்குப் போய், அங்குள்ள ஊக்கியிலே எரிந்து, வடிகட்டியின் வெப்பநிலையை ஏறத்தாழ 600 பாகைக்கு உயர்த்துகிறது. கரி சாம்பலாகிறது. கார் ஓடிக்கொண்டே இருந்தால் இவ்வேலை முடியப் பத்து முதல் இருபது நிமிடம் வரை செல்லும்.

பாடசாலைக்குப் போகும் பயணமோ ஆறு நிமிடம்! கரி எரியத் தொடங்கியிருக்கும். சாரதி காரை நிறுத்திச் சாவியைத் திருப்பிவிடுவார். மறுநாளும் கணினி முயலும். மறுநாளும் இடையில் முறியும். இப்படி ஒவ்வொரு முறையும் பிந்தித் தெளிக்கப்பட்ட டீசலில் ஒரு பகுதி உருளைச் சுவரிற் பட்டு, வழிந்து, எண்ணெயோடு சேர்கிறது. ஆக, முறிந்துபோன ஒவ்வொரு முயற்சியும் இரண்டு தீங்கை விட்டுச் செல்கிறது: வடிகட்டி அடைந்தபடியே இருக்கிறது, எண்ணெய் மேலும் நீர்த்துப்போகிறது.

பிரித்தானியாவிலே இந்தத் தொல்லை ஒரு பொதுத் தொல்லையாகவே ஆயிற்று. அங்கே 2001ஆம் ஆண்டு மார்ச்சு முதல் புதிய கார்களுக்குரிய வரி, அவை வெளிவிடும் காபனீரொட்சைட்டின் அளவைக்கொண்டு விதிக்கப்பட்டது. டீசல் கார் அதைக் குறைவாக விடுவதால் அதற்கு வரி குறைந்தது. நெடுந்தூரம் ஓடாதவர்களும் டீசலுக்கு மாறினர். 2011 அளவில் அங்கு விற்ற புதிய கார்களில் ஏறக்குறையப் பாதி டீசல் கார்கள். குளிர்காலத்திலே கடைத்தெருவுக்கும் பாடசாலைக்கும் மாத்திரம் ஓடிய அந்தக் கார்களின் முகப்பிலே வடிகட்டி விளக்கு எரிந்தது. கராஜ்களிலே வடிகட்டியைச் சுத்தஞ்செய்வதே தனித் தொழிலாயிற்று. சிலர் குறுக்கு வழியை நாடினர். வடிகட்டியைக் கழற்றி உள்ளிருக்கும் தேன்கூட்டை உடைத்தெறிந்துவிட்டு, வெற்றுக் கூட்டை மாத்திரம் மீளப் பொருத்தினர். 2014 பெப்ருவரி முதல், வருடாந்தப் பரிசோதனையிலே வடிகட்டி இல்லையென்று கண்டால் அந்தக் கார் தேறாது என்று அரசு விதித்தது. ஒருவருடைய பணச்செலவு மிச்சமாகும்பொருட்டு, பாடசாலை வாசலிலே நிற்கும் பிள்ளைகள் அந்தக் கரியைச் சுவாசிப்பது என்ன நியாயம்? 2015இல் வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் புகைப் பரிசோதனை மோசடி வெளிவந்தபின்னர் டீசலின் மதிப்பு அங்கே சரியத் தொடங்கி, இப்பொழுது புதிய கார்களில் டீசலின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது.

எண்ணெயைப் பற்றி மீண்டும் கூறுவது அவசியம். ஏனெனில் ஆபத்து அங்கேதான் மறைந்திருக்கிறது. எண்ணெய் குறைகிறதா என்று பார்க்கவே சாரதிமார் பழகியிருக்கிறார்கள். குறையவில்லையென்றால் மகிழ்வர். குறுந்தூரம் ஓடும் டீசல் காரிலே எண்ணெய் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஊற்றாமலே எண்ணெய் மட்டம் உயருமாயின், உயர்ந்த பங்கு எண்ணெயன்று, டீசல். மஸ்டா நிறுவனத்தின் சில டீசல் கார்களிலே எண்ணெய் பார்க்கும் கோலில், குறைந்த மட்டம், நிறைந்த மட்டம் என்னும் இரு குறிகளுக்கு மேலே பெருக்கற்குறி போன்ற மூன்றாவது குறி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. எண்ணெய் அந்தக் குறியை அண்மித்தால் தவணை வராவிட்டாலும் மாற்ற வேண்டும். மட்டம் மிகவும் உயர்ந்துவிட்டால், எண்ணெய் ஆவியும் துளியும் வளிக்குழாய் வழியாக உருளைக்குள் இழுக்கப்பட, இயந்திரம் அதையே எரிபொருளாகக் கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கலாம். அப்பொழுது சாவியைத் திருப்பினாலும் அது நிற்காது; ஏனெனில் சாவி நிறுத்துவது டீசலை, எண்ணெயையன்று. அவ்வாறு ஓடி உடைந்த இயந்திரங்கள் உண்டு.

டேர்போவின் அலகுகள் கரி பிடித்து இறுகுவதும், கழிவுப் புகையை மீள உள்ளே செலுத்தும் வால்வு தார் போன்ற படிவால் அடைபடுவதும் இதே வரிசையிற் சேர்வன. இவற்றை மெக்கானிக் ஒருவர் கழற்றித் துப்புரவு செய்ய இயலும். ஆனால் ஓட்டும் முறை மாறாவிடின் ஒரு வருடத்தில் மீண்டும் அதே நிலைதான்.

அப்படியாயின் இவ்வகைக் கார் வைத்திருப்போர் செய்யத்தக்கது யாது? சந்தை, வங்கி, பாடசாலை என்னும் மூன்று பயணங்களை ஒன்றாக இணைத்து ஒரே சுற்றிலே முடிக்கலாம்; இயந்திரம் மூன்று முறை குளிர்வதற்குப் பதிலாக ஒருமுறை குளிரும். வாரத்தில் ஒரு நாளேனும் அரைமணி நேரம் நிறுத்தாமல் ஒரே சீரான வேகத்தில் ஓடும் பயணம் அமைவது நல்லது. வடிகட்டி விளக்கு எரிந்தால், அதை அலட்சியம் செய்யாமல், காரோடு வந்த கைந்நூல் கூறும் வேகத்திலும் நேரத்திலும் ஓட்டி முடிக்க வேண்டும். காரை நிறுத்தும் வேளையிலே விசிறி உரத்துச் சுழன்று, சூட்டு மணமும் வருமாயின், உள்ளே கரி எரிகிறது என்று அறிந்து, இயலுமானால் இன்னும் சிறிது தூரம் ஓடிவிட்டு வருவது பயன் தரும். எண்ணெய் மாற்றுவதற்குக் கைந்நூல்களில் இரண்டு தவணைகள் குறித்திருப்பர். கடுமையான பாவனை என்னும் தலைப்பின் கீழ் வரும் குறுகிய தவணை லொறிக்காரருக்கு மட்டுமென்று பலர் நினைக்கின்றனர். குறுந்தூரப் பயணமும் அதிலே அடங்கும். எண்ணெயும் வடிகட்டிக்கென விதிக்கப்பட்ட, சாம்பல் குறைந்த வகையாக இருத்தல் வேண்டும். கரி எரிந்து போகும், எண்ணெயின் சாம்பல் எரியாது.

கொழும்பு, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் போன்ற இடங்களின் வெக்கை இவ்விடயத்தில் ஓரளவு துணை செய்யும்; இயந்திரம் 30 பாகையிலிருந்து சூடேறுவதற்கும், குளிர்நாட்டு விடியலிலே பூச்சியப் பாகையிலிருந்து சூடேறுவதற்கும் வேறுபாடு உண்டு. நுவரெலியாவில் இருப்போருக்கு அந்தச் சலுகையும் குறைவு. நாளுக்கு நான்கைந்து கிலோமீற்றர் மாத்திரம் ஓடுபவருக்குப் பெற்றோல் காரோ, கலப்பு மின் காரோ, மின்சாரக் காரோ பொருந்தும். அந்தத் தூரத்துக்குச் சைக்கிள் இன்னும் பொருந்தும் என்பாரும் உளர்.

யப்பானிலிருந்து வரும் பழைய டீசல் வாகனத்தை வாங்க நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்து ஆண்டில் முப்பதாயிரம் கிலோமீற்றர்தான் ஓடியிருக்கிறது என்று விற்பவர் பெருமையாகக் கூறுவார். ஆண்டுக்கு மூவாயிரம் என்றால் நாளுக்கு எட்டே கிலோமீற்றர்; அவை யாவும் குளிர்ந்த இயந்திரத்தோடு ஓடிய கிலோமீற்றர்களாக இருக்கக்கூடும். நெடுஞ்சாலையில் ஓடி ஒரு இலட்சத்தைத் தாண்டிய வாகனம் அதைவிட நல்ல நிலையில் இருப்பதும் உண்டு. ஆகவே எண்ணெய் மாற்றிய திகதிகள் எழுதிய புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும், எண்ணெய்க் கோலை இழுத்து மட்டத்தைப் பார்த்து மணந்து பார்ப்பதும் நல்லது. இயந்திரம் குளிர்ந்திருக்கையிலே புகைக்குழாயின் வாயினுள் ஒரு விரலை விட்டுத் துடைத்துப் பார்க்கலாம். வடிகட்டி செவ்வனே வேலை செய்யும் வாகனத்திலே விரலிற் கரி ஒட்டாது. விரல் கறுத்தால், வடிகட்டி வெடித்திருக்கிறது, அல்லது முன்னரே எவரோ அதை உடைத்தெறிந்துவிட்டார்.